காலைல 6 மணி ஷிப்டுக்கு கேட்ல ஊதச் சொல்றாங்க, 18 காட்டுச்சுன்னு வேலைய விட்டே தூக்கிட்டாங்க, இது சரியா?

ப்ரெஸ்ஷாப்_ஒரகடம்:
வணக்கம் மக்களே. ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, பேரு வேணாம். நான் ப்ரெஸ் ஷாப்ல ஷிப்ட் இன்சார்ஜ். தீபாவளி முடிஞ்ச கையோட கேட்ல ப்ரெத் அனலைசர் வெச்சுட்டாங்க, கம்பெனி பஸ்ல வந்து இறங்குற எல்லாரும் ஊதிட்டுத்தான் உள்ள போகணும். வெச்சது தப்புன்னு சொல்ல வரல, எங்க லைன்ல இருக்குறது பவர் ப்ரெஸ்ஸு, தகட்ட அழுத்தி வெட்டுற, வளைக்கிற மெஷின், அதுல கொஞ்சம் அசந்தா விரல் போயிரும், அது எனக்கும் தெரியும். மேட்டர் என்னன்னா போன வாரம் ரெண்டு பேரு மாட்டுனாங்க. ஒருத்தரு பெர்மனென்ட் ஆபரேட்டர், 41 காட்டுச்சு (100 மில்லி ரத்தத்துல எத்தன மில்லிகிராம் ஆல்கஹால்ங்குற கணக்கு). இன்னொருத்தன் காண்ட்ராக்ட் பையன், 18. பெர்மனென்ட்காரருக்கு சார்ஜ் மெமோ குடுத்து சஸ்பென்ட் பண்ணி என்கொயரி வெக்கப்போறாங்க, யூனியன் பாத்துக்கும். இந்தப் பையன்கிட்ட கேட் பாஸ வாங்கிட்டு நாளைல இருந்து வராதன்னு காண்ட்ராக்டர் போன்லயே சொல்லி முடிச்சுட்டாரு. இவன் என்கிட்ட வந்து அண்ணே ராத்திரி கடை மூடுற நேரத்துல ஒரு குவாட்டர் வாங்கி அடிச்சுட்டுப் படுத்தேன், காலைல சுத்தமா தெளிஞ்சுட்டேன், மப்பே இல்லங்குறான். பாக்கவும் தெளிவாத்தான் இருந்தான், பேச்சு குழறல. 18ன்னா போதையா? வண்டி ஓட்டுறதுக்கே 30 வரைக்கும் விடுறாங்கல்ல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கறார்_கந்தசாமி:
இதுல என்ன கேள்வி இருக்கு. குடிச்சுட்டு வந்தான், மாட்டுனான், போனான். எங்க செட்ல ஒருத்தருக்கு வலது கைல மூணு விரல் இல்ல, அன்னைக்கு அவரு குடிக்கல, மெட்டீரியல் எடுத்துக் குடுத்த ஹெல்ப்பர்தான் குடிச்சிருந்தான். ஒருத்தன் அடிச்ச சரக்குக்கு இன்னொருத்தன் விரல் போச்சு. ஜீரோன்னா ஜீரோதான், அதுல என்ன 18, 41ன்னு பேரம்.

ப்ரெஸ்ஷாப்_ஒரகடம்:
@கறார்_கந்தசாமி அண்ணே உள்ள விட்டுருக்கணும்னு நான் சொல்லவே இல்ல. அன்னைக்கு திருப்பி அனுப்புனது சரிதான். ஆனா அதோட வேலையே போகணுமாங்குறதுதான் கேள்வி.

கெமிஸ்ட்ரி_வாத்தி:
கணக்குப் போட்டா பாதி சண்டை அடங்கிரும், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. குவாட்டர்ங்குறது 180 மில்லி, நம்மூரு பிராந்தி, ரம்மெல்லாம் 42.8 சதவீதம். அப்ப சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 77 மில்லி, எடைல சொன்னா 61 கிராம். 70 கிலோ ஆம்பளைக்கு இது முழுசா ரத்தத்துல ஏறுனா 100 மில்லிக்கு ஏறக்குறைய 128 மில்லிகிராம் வரும். ஈரல் மணிக்கு சராசரியா 15 மில்லிகிராம் இறக்கும், ஆளப் பொறுத்து 10ல இருந்து 20 வரைக்கும் மாறும். ராத்திரி 10 மணிக்கு அடிச்சவனுக்கு காலைல 6 மணிக்குள்ள 120 இறங்கியிருக்கும், மிச்சம் 8. அதே குவாட்டர 55 கிலோ ஆளு அடிச்சா 163ல இருந்து இறங்கணும், காலைல 43 நிக்கும், அதாவது ட்ராஃபிக் போலீஸ்கிட்டயே மாட்டுவான். உங்க பையன் 65 கிலோ இருப்பான்னா 18ங்குறது நம்புற மாதிரி நம்பர்தான், அவன் பொய் சொல்லல.

இன்னொண்ணு, தூங்குனா இறங்கிரும், பச்சத்தண்ணில குளிச்சா இறங்கிரும், மோர், எலுமிச்ச ஜூஸு, கருப்பு காஃபின்னு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வெச்சிருக்காங்க. எதுக்கும் ஈரல் வேகமா ஓடாது. தலவலி குறையும், நம்பர் குறையாது. 375 மில்லி ஆஃப் அடிச்சவனுக்கு காலைல 6 மணிக்கு 140க்கு மேல நிக்கும், மத்தியானம் ஆனாலும் ஜீரோ ஆகாது. அவன்கிட்ட கேட்டா அவனும் தெளிஞ்சுட்டேன்னுதான் சொல்லுவான், தினமும் குடிச்சுப் பழகுனவன் 80லயும் நேரா நடப்பான். அதனால பாக்க தெளிவா இருந்தான்ங்குறத சாட்சியா எடுத்துக்காதீங்க.

லோகோபைலட்_ஈரோடு:
எங்களுக்கு இது தெனப்படி. லாபில, அதாவது ட்யூட்டிக்கு ரிப்போர்ட் பண்ற எடத்துல, சைன் ஆன் போடும்போது பி.ஏ. டெஸ்ட் (ப்ரெத் அனலைசர்தான்) ஊதணும், ஊதாம வண்டி எடுக்க முடியாது. ரூல்புக்லயே இருக்கு, ட்யூட்டிக்கு 8 மணி நேரத்துக்கு முன்னாடி இருந்தே மது, போதை மருந்து எதுவும் தொடக்கூடாது. ரயில்வே சட்டம் 172வது பிரிவுப்படி வண்டி ஓட்டுற ஆளு போதைல இருந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலே போடலாம். ஆனா வாத்தியார் சொன்ன கணக்கப் பாருங்க, ஆஃப் அடிச்சவனுக்கு 8 மணி நேரம் பத்தவே பத்தாது. ரூல்ல இருக்குற நேரத்த நம்பி குடிச்சுட்டு லாபில மாட்டுன ஆளுங்கள நான் பாத்திருக்கேன்.

மெஷினும் கடவுள் இல்ல. 2025 பிப்ரவரில திருவனந்தபுரம் டிவிஷன்ல ஒரு ஆர்டர் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? லோகோ ஸ்டாஃப் ட்யூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி எளநீர் குடிக்கக்கூடாது, சில வாழப்பழம் சாப்பிடக்கூடாது, இருமல் மருந்து, ஹோமியோபதி, கூல்ட்ரிங்ஸ், மவுத்வாஷ் எதுவும் கூடாதுன்னு. ஏன்னா நெறைய பேருக்கு மெஷின் பாசிட்டிவ் காட்டுது, ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புனா ஒண்ணுமே இல்லன்னு வருது. மெஷின மாத்துடான்னா எளநீரத் தடை பண்ணானுங்க. ஊரே சிரிச்சு, சங்கங்கள் சத்தம் போட்டு அந்த ஆர்டர வாபஸ் வாங்குனாங்க.

கறார்_கந்தசாமி:
எளநீருக்கு காட்டுதுன்னு சொல்லியே எல்லா குடிகாரனும் தப்பிச்சுருவான். நாளைக்கு எங்க கேட்ல நூறு பேரு எளநீர் குடிச்சேம்பான்.

லோகோபைலட்_ஈரோடு:
@கறார்_கந்தசாமி சொல்லட்டுமே, அதுக்குத்தான் ரெண்டாவது டெஸ்ட்டு. கேரளாவுல பந்தளம் டிப்போல அதே வருஷம் ஜூலைல என்ன நடந்துச்சு? கேஎஸ்ஆர்டிசி, அதாவது கேரள அரசு பஸ் டிரைவருங்க காலைல ஊதுனா வரிசையா பாசிட்டிவ். எவனும் குடிக்கல. ஒருத்தரு வீட்டுல இருந்து பலாப்பழம் கொண்டு வந்திருக்காரு, எல்லாரும் ரெண்டு ரெண்டு சுளை சாப்பிட்டிருக்காங்க. அப்புறம் குடிக்காத ஒரு ஆள நிக்க வெச்சு ஊதச் சொன்னா ஜீரோ, பலாச்சுளை சாப்பிட வெச்சு ஊதச் சொன்னா பாசிட்டிவ். அங்கயே நிரூபிச்சு முடிச்சுட்டாங்க. பழுத்து புளிக்க ஆரம்பிச்ச பழத்துல ஆல்கஹால் கொஞ்சம் இருக்கும், அது வாயில ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்.

கெமிஸ்ட்ரி_வாத்தி:
அதேதான். வாயில ஒட்டுன ஆல்கஹால் 15, 20 நிமிஷத்துல போயிரும், ரத்தத்துல இருந்து நுரையீரல் வழியா வர்றது போகாது. அதனால பாசிட்டிவ் வந்தா ஆள ஓரமா உக்கார வெச்சு, வாய் கொப்பளிக்கச் சொல்லி, 20 நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவ ஊதச் சொல்லணும். பலாப்பழம், மவுத்வாஷ், ஹோமியோபதி கேஸெல்லாம் அதுலயே வெளிய வந்துரும். குடிச்சவன் குடிச்சவனாவே நிப்பான். @ப்ரெஸ்ஷாப்_ஒரகடம் உங்க கேட்ல ரெண்டாவது தடவ ஊத வெச்சாங்களா? அப்புறம் அது என்ன மாதிரி மெஷின்? ஆன்லைன்ல ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கெடைக்கிறதுல பாதி செமிகண்டக்டர் சென்சார், அது ஆல்கஹாலயும் மத்த ஆவியயும் சரியா பிரிச்சுப் பாக்காது, சக்கர கட்டுப்பாட்டுல இல்லாதவங்க மூச்சுல வர்ற அசிட்டோனுக்குக் கூட ஏறும். போலீஸ் வெச்சிருக்கிற மாதிரி ஃபியூவல் செல் சென்சார்னா ஓரளவுக்கு நம்பலாம், அதையும் காலாகாலத்துல காலிபரேட் பண்ணணும்.

ப்ரெஸ்ஷாப்_ஒரகடம்:
ரெண்டாவது தடவயெல்லாம் இல்ல வாத்தியாரே. செக்யூரிட்டி ஒரு ரிஜிஸ்டர்ல பேரு, டோக்கன் நம்பர், ரீடிங் எழுதி கையெழுத்து வாங்கிட்டு நகரு நகருங்குறாரு, பின்னாடி மூணு பஸ்ஸு ஆளு நிக்குது. இதுல இன்னொரு கூத்து, கொரோனா காலத்துப் பழக்கம் விடாம கேட்ல கைக்கு சானிடைசர் அடிச்சுட்டு அந்த ஈரக்கையோடதான் மெஷினப் புடிக்கிறாங்க.

கெமிஸ்ட்ரி_வாத்தி:
சானிடைசர்ல 70 சதவீதம் ஆல்கஹால்யா! அந்த ஆவி சென்சார் பக்கத்துல இருந்தா சாமியார் ஊதுனாலும் ஏறும். மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க.

ஹெச்ஆர்_கோவை:
நான் வேற ஊரு, வேற கம்பெனி, ஆனா இந்தப் பாலிசிய எழுதுற சீட்ல உக்காந்திருக்கவ, அதனால எங்க பக்கமும் சொல்றேன். ஏன் ஜீரோன்னா, 30ன்னு வெச்சா 31 வந்தவன் நிப்பான், சார் ஒண்ணுதானே ஜாஸ்தின்னு. அப்புறம் அந்த மோட்டார் வாகனச் சட்டம் 185ல சொல்ற 30 ரோட்டுல வண்டி ஓட்டுறதுக்கு, ஃபேக்டரிக்கு அப்படி ஒரு லிமிட்ட எந்தச் சட்டமும் எழுதி வெக்கல, கம்பெனிதான் முடிவு பண்ணணும். விமானத்துலயும் ஜீரோதான், ஃப்ளைட்டுக்கு முன்னாடி 12 மணி நேரம் தொடக்கூடாது, பைலட் மொத தடவ மாட்டுனா மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பென்ட், ரெண்டாவது தடவன்னா மூணு வருஷம், மூணாவதுல கேன்சல். கவனிங்க, அங்கயே மொத தடவ மூணு மாசம்தான். எங்க பாலிசிலயும் மொத தடவ வீட்டுக்கு அனுப்பி அன்னைக்கு லாஸ் ஆஃப் பே, வார்னிங் லெட்டர், டாக்டரப் பாக்கச் சொல்றது, அப்புறம்தான் மத்ததெல்லாம். ஆனா காண்ட்ராக்ட் ஆளுங்க விஷயத்துல உண்மையச் சொல்லணும்னா பாலிசி அவங்க வரைக்கும் போறதே இல்ல. நாங்க காண்ட்ராக்டருக்கு "ரீப்ளேஸ்மென்ட் வேணும்"னு ஒரு மெயில் போடுவோம், அவ்வளவுதான் எங்க சைட்ல இருக்குற பேப்பர்.

நைட்ஷிப்ட்_நாகு:
அக்கா நேர்மையா சொன்னதுக்கு நன்றி. ஒரு கேள்வி, உங்க மேனேஜருங்க ஊதுறாங்களா? எங்க கம்பெனில பஸ்ல வர்றவன் ஊதணும், கார்ல வர்றவருக்கு செக்யூரிட்டி சல்யூட் அடிச்சு கேட்டத் தொறந்து விடுவாரு. கஸ்டமர் டின்னர் முடிச்சுட்டு நடுராத்திரி வீட்டுக்குப் போன ஆளு காலைல வந்து சேஃப்டி மீட்டிங் எடுப்பாரு 😄

ஹெச்ஆர்_கோவை:
இல்ல. ஊதணும்னு பாலிசில இருக்கு, ஊதுறதில்ல. சொல்லிப் பாத்தாச்சு.

லேபர்கோர்ட்_மணி:
சட்டம் பக்கம் கொஞ்சம். மாதிரி நிலையாணைகள்ல, அதாவது கம்பெனி வேலை நிபந்தனைகளுக்கு அரசு போட்டுக் குடுத்த மாதிரி விதிகள்ல, வேலை நேரத்துல, வேலை எடத்துல குடிபோதை, கலாட்டா எல்லாம் ஒழுங்கீனம்னு இருக்கு, ஆனா ஒழுங்கீனம்னா குற்றச்சாட்டு எழுதிக் குடுக்கணும், பதில் சொல்ல டைம் தரணும், உள்விசாரணை வெக்கணும், சஸ்பென்ட் பண்ணா மொத 90 நாளைக்குப் பாதிச் சம்பளம், அதுக்கு மேல இழுத்து, இழுத்தது தொழிலாளியால இல்லன்னா முக்கால்வாசி தரணும். 41 காட்டுனவருக்கு இதெல்லாம் கெடைக்கும். 18 காட்டுன பையனுக்கு ஒரு போன் கால். தப்பு பெருசா இருந்தவனுக்கு நடைமுறை, சின்னதா இருந்தவனுக்கு கல்தா.

கோர்ட்டு மெஷின எப்படிப் பாக்குதுன்னா, 1971லயே சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேஸ்ல வாயில வாடை அடிச்சுது, நடை தள்ளாடுச்சு, கண்ணு பாப்பா விரிஞ்சிருந்துச்சுன்னு சொன்னா மட்டும் குடிச்சதா நிரூபணம் ஆகாது, ரத்தமோ சிறுநீரோ எடுத்துப் பாத்திருக்கணும்னு சொல்லிருச்சு. அதப் புடிச்சுக்கிட்டுதான் பாட்னா ஹைகோர்ட்டும் ப்ரெத் அனலைசர் ரிப்போர்ட் மட்டுமே முடிவான ஆதாரம் இல்லன்னு சொன்னது. பீகார்ல மதுவிலக்கு, அதனால அங்க அரசு ஊழியர் ஊதி மாட்டுனா வேலையே போகுது, கேஸும் அங்கதான் அதிகம்.

இதுக்காக உங்க கம்பெனி கேட்ல ஊத வெக்கவே கூடாதுன்னு எவனும் சொல்லல. அன்னைக்கு மெஷின் பக்கம் விடாம இருக்க அந்த ரீடிங் போதும். வேலையை விட்டு எடுக்கத்தான் அது மட்டும் போதாது.

வெல்டர்_ராம்நாடு:
நீங்கல்லாம் ஊதுறதோட தப்பிச்சீங்க, வளைகுடா சைட்ல எங்களுக்கு சிறுநீர் டெஸ்ட்டு, அதுவும் திடீர்னு. காலைல டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன்னாடி சேஃப்டி பத்திப் பேசுறது) முடிஞ்சதும் லிஸ்ட்ல பேரு படிப்பாங்க, படிச்ச ஒடனே வேனுக்குப் போகணும், பாத்ரூமுக்குள்ள ஒரு ஆளு நிப்பான், தண்ணி கலக்கிரக் கூடாதாம், அதுக்காக டாய்லெட் தண்ணில நீலக்கலர் ஊத்தி வெச்சிருப்பாங்க. வெக்கமா இருக்கும், என்ன செய்ய. ஊர்ல இருந்து புதுசா வர்ற பயலுகளுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், பெட்டில கசகசா கொண்டு வராதீங்க. குருமாவுக்குன்னு அம்மா கட்டிக் குடுப்பாங்க, அங்க எமிரேட்ஸ், சவூதி ரெண்டுலயும் அது தடை, ஏர்போர்ட்லயே மாட்டுவீங்க. வலிக்கு டிரமடால் மாத்திர, கோடீன் இருக்குற இருமல் சிரப்பு இதெல்லாமும் டாக்டர் சீட்டு, முன் அனுமதி இல்லாம எடுத்துட்டுப் போகக் கூடாது.

நைட்ஷிப்ட்_நாகு:
கசகசாவா?? நெஜமாவா அண்ணே, பாயசத்துல போடுறதுதானே

கெமிஸ்ட்ரி_வாத்தி:
நெஜம்தான். அபின் எடுக்குற அதே செடியோட விதை. விதையோட மேல கொஞ்சூண்டு மார்ஃபின் ஒட்டியிருக்கும், போதை ஏறாது, ஆனா சிறுநீர்ல காட்டும். அமெரிக்காவுல வேலையாளுங்களுக்கு டெஸ்ட் பண்றப்ப கசகசா போட்ட ரொட்டி தின்னவனெல்லாம் மாட்டுறான்னு 1998ல ஓப்பியேட் (மார்ஃபின் மாதிரி அபின் வகை) லிமிட்ட 300 நானோகிராம்ல இருந்து 2000க்கு ஏத்துனாங்க.

சிறுநீர் டெஸ்ட்டுக்கும் மூச்சு டெஸ்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மூச்சுல இப்ப ரத்தத்துல என்ன ஓடுதுன்னு தெரியும். சிறுநீர்ல பழைய கதை தெரியும். தெனம் கஞ்சா அடிக்கிறவன் நிறுத்தி மூணு வாரம் ஆனாலும் பாசிட்டிவ் வரலாம், அதுக்காக இன்னைக்கு அவன் போதைல இருக்கான்னு அர்த்தம் இல்ல. அதே நேரம், நேத்து குடிச்ச பாட்டில் சரக்கு நாளைக்கு ஊதுற மெஷின்ல வராது. அதனால சிறுநீர் ரிசல்ட்ட வெச்சு "இவன் போதைல மெஷின் ஓட்டுனான்"னு எழுதுறது தப்பு. நம்ம விமானத்துறைல 2022 ஜனவரி கடைசில இருந்து பைலட், ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோலருங்கள்ல வருஷத்துக்கு 10 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி திடீர் டெஸ்ட் உண்டு. மொதல்ல ஸ்க்ரீனிங், பாசிட்டிவ்னா லேப்ல உறுதி பண்ற டெஸ்ட், அதுலயும் வந்தா மொத தடவ மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்புறாங்க. ரெண்டு கட்டம் இருக்குறது இந்த கசகசா, இருமல் சிரப்பு கேஸுக்காகத்தான்.

டிரைவர்வீட்டம்மா:
நான் இங்க எழுதுறது கம்மி. எங்க வீட்டுக்காரரு தனியார் பஸ்ஸு டிரைவர், முன்னாடி தெனம் குடி. அவங்க ஓனர் ஊதுற மெஷின் வெச்சாரு, இவரு பயந்துக்கிட்டு சட்டுனு ஒரே நாள்ல நிறுத்திட்டாரு. நல்லதுன்னு நெனச்சோம். ரெண்டாம் நாள் கை அப்படி நடுங்குது, டம்ளர் புடிக்க முடியல, வேர்த்துக் கொட்டுது, தூக்கம் இல்ல. அந்தக் கையோட வண்டி எடுக்கப் போனாரு, மெஷின்ல ஜீரோ, போ போன்னு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு நான் சாமி கும்புட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரில சேத்தோம், டாக்டர் திட்டுனாரு, பல வருஷமா தெனம் குடிச்சவங்க மருந்து இல்லாம திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், மூளை குழம்பிப் போயி உயிருக்கே ஆபத்து ஆகலாமாம். இப்ப நல்லா இருக்காரு. மெஷின் வெக்கிறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

கறார்_கந்தசாமி:
@டிரைவர்வீட்டம்மா இது எனக்குத் தோணவே இல்லம்மா. எங்க சேஃப்டி ஆபீசருகிட்ட சொல்றேன். ஆனா மத்தபடி நான் சொன்னதுல மாத்தம் இல்ல, ஊதாம உள்ள விடக்கூடாது.

ஹெச்ஆர்_கோவை:
டாக்டர் சொன்னது சரி. எங்க பாலிசில டாக்டரப் பாக்கச் சொல்றது இதுக்காகத்தான், ஆனா பல எடத்துல அது பேப்பரோட நின்னுரும். சென்னைல இருக்குறவங்க அடையாறு இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரியப் பாக்கலாம், 1980ல இருந்து குடிநோய்க்குன்னே நடத்துறாங்க, கம்பெனிகளுக்கும் போயி பேசுவாங்க. போன்ல பேசணும்னா 14446, மத்திய அரசோட போதை மறுவாழ்வு ஹெல்ப்லைன், காசு கிடையாது.

வெல்டர்_ராம்நாடு:
@டிரைவர்வீட்டம்மா தங்கச்சி சொன்ன ஜீரோ கதைல ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டு ஷிப்ட் சேத்து 16 மணி நேரம் ஓவர்டைம் பாத்துட்டு கண்ணு சொக்கி நிக்கிறானே, அவனுக்கும் மெஷின் ஜீரோதான் காட்டும். அவன எவனும் திருப்பி அனுப்ப மாட்டான், ஏன்னா இருக்கச் சொன்னதே கம்பெனிதான்.

ப்ரெஸ்ஷாப்_ஒரகடம்:
எல்லாத்தையும் படிச்சேன். நேத்து எங்க ஹெச்ஆர்கிட்டயும் சேஃப்டிகிட்டயும் மூணு விஷயம் எழுதிக் குடுத்தேன். பாசிட்டிவ் வந்தா 20 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊத வெக்கணும், சானிடைசர மெஷினுக்கு அந்தப் பக்கம் நகத்தணும், காண்ட்ராக்ட் ஆளுக்கும் மொத தடவ வார்னிங்தான்னு பாலிசில போடணும். சானிடைசர மட்டும் அன்னைக்கே நகத்திட்டாங்க, காசு செலவில்லாத வேலை பாருங்க. மறு டெஸ்ட்டுக்கு "பஸ்ஸு லேட் ஆகும், ப்ரொடக்ஷன் போகும்"னு ஒரு பதில். ஒரு ஷிப்டுக்கு மிஞ்சிப் போனா ஒருத்தர் ரெண்டு பேருதான் மாட்டுறான், அவன உக்கார வெக்க ஒரு சேர் போதும்னேன், பாக்கலாம்னாங்க. காண்ட்ராக்ட் மேட்டர் காண்ட்ராக்டர் விஷயமாம், எங்களுக்கு சம்பந்தம் இல்லையாம். பையன் இப்ப ஸ்ரீபெரும்புதூர்ல வேற ஒரு எடத்துல சேந்துட்டான், தெனக்கூலி எங்கள விடக் கம்மி, அங்க ஊதுறதும் இல்லையாம்.

லேபர்கோர்ட்_மணி:
அங்கயும் ப்ரெஸ்தானா?

ப்ரெஸ்ஷாப்_ஒரகடம்:
ஆமா, அதே ப்ரெஸ்ஸுதான்.

நைட்ஷிப்ட்_நாகு:
சம்பந்தம் இல்லாத ஒரு டவுட்டு, லோகோ அண்ணே, வண்டி எடுக்கும்போது மட்டும்தான் ஊதுவீங்களா? வழில யாராவது அடிச்சா எப்படித் தெரியும்?

லோகோபைலட்_ஈரோடு:
சைன் ஆஃப் போடும்போதும் ஊதணும் தம்பி. நடுவுல இன்ஸ்பெக்டர் ஏறுனா அங்கயும் ஊதணும்.